எளிய கருவியை எளிமையாகவே விடுங்கள்: இணையப் பணிக்கருவிகளை உருவாக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பணிப்பட்டியல், குறிப்பேடு, நாட்காட்டி, நேரக்கணக்கு, வடிவமாற்றி என அன்றாட வேலைக்கான கருவிகளை இணையத்தில் நடத்திவரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்திவந்த ஒரு பணிப்பட்டியல் சேவை, தன் பழைய பக்கத்தை முப்பது நாளில் மூடிவிட்டு எல்லாரையும் புதிய பணித்தளம் ஒன்றுக்கு மாற்றப்போவதாகச் சென்ற மாதம் மின்னஞ்சல் அனுப்பியது. புதிய தளத்தில் பலகைகள், அரட்டை, ஆவணங்கள், செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று பலவும் உண்டு. நான் எதற்காக அங்கே தினமும் போனேனோ அந்த ஒற்றைப் பட்டியல் மூன்று சொடுக்குகளுக்கு அப்பால் போய்விட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால், பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இனிக் குழுச் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்றும், குழுச் சந்தாவுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்றும் அதே மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தது. நான் தனி ஆள். என் கையால் எழுதிய நாலாயிரத்துச் சொச்சம் வரிகளை எடுத்துக்கொண்டு வெளியேற, இல்லாத இருவருக்கும் சேர்த்து நான் பணம் கட்ட வேண்டும் என்ற அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவர்களுக்கு மட்டும் எழுதியிருப்பேன், எழுதியும் விட்டேன். பொதுவில் எழுதக் காரணம், அதற்கு மாற்றுத் தேடி நான் செலவிட்ட மூன்று வாரங்கள். பதினேழு சேவைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நாள் வேலை செய்து பார்த்தேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை உங்கள் அனைவருக்கும் சேர்த்து எழுதத் தோன்றியது.

நான் பதினான்கு ஆண்டுகளாக நிரல் எழுதுகிறவன். பெரிய திட்டங்களைக் கண்காணிக்க அலுவலகத்தில் தனி அமைப்பு உண்டு. அதைப் பற்றி இங்கே பேசவில்லை. நான் தேடுவது, ஒரு நாளில் இருபது முப்பது முறை மனத்தில் வந்துபோகும் சின்னச் சின்ன விஷயங்களை இறக்கிவைக்க ஓர் இடம். "பணம் திருப்பும் பகுதியில் பைசா வித்தியாசம், சரிபார்", "சான்றிதழ் வியாழனோடு முடிகிறது", "சோதனைக்காகப் போட்ட வரியை எடு" என்பவைபோன்ற வரிகள்தாம் என் பட்டியல் முழுவதும். ஒரு தாவலைத் திறந்தால் வெற்று வரி காத்திருக்க வேண்டும். எழுதி என்டர் தட்டினால் சேர வேண்டும். முடிந்ததும் அடித்துவிட வேண்டும். நாளை வந்தால் மிச்சம் அங்கேயே இருக்க வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக இதில் கடினம் எதுவும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேடலின் இரண்டாவது வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேறு நேர மண்டலத்தில் உள்ள ஒரு வாடிக்கையாளரின் சர்வரில், அதிகாலை 2:30 மணிக்கு ஓட வேண்டிய வேலை ஓர் இரவு இரண்டு முறை ஓடியிருந்தது. சக ஊழியர் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தார்: கோடை நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்கு வந்ததால் அந்த 2:30 அன்று இருமுறை வந்திருக்கிறது, அதோடு, ஏற்கெனவே ஓடிவிட்டதா என்று பார்க்கும் சோதனையிலும் ஒரு பிழை இருக்கிறது. எழுதிக்கொள்ளலாம் என்று, அன்று காலையில் கண்டுபிடித்த ஒரு புதிய பட்டியல் சேவையைத் திறந்தேன். மின்னஞ்சல் முகவரி கேட்டது. அதற்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. பெயர் கேட்டது. எந்தத் துறை, எத்தனை பேர் கொண்ட குழு என்று கேட்டது. சக ஊழியர்களை அழைக்கச் சொன்னது. "பிறகு பார்க்கலாம்" என்ற இணைப்பு வெளிர் சாம்பல் நிறத்தில் திரையின் அடியில் இருந்தது. ஒரு வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பதினான்கு நாள் இலவசச் சோதனைக்கு எந்தத் திட்டம் வேண்டும் என்றது. கடைசியில் பட்டியல் வந்தபோது அதன்மேல் ஐந்து விளக்கக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்தன. அவற்றை மூடி, வெற்று வரியில் முதல் காரணத்தை எழுதினேன். இரண்டாவது எந்தச் சோதனையைப் பற்றியது என்று நினைவில் இல்லை. அழைப்பு அதற்குள் முடிந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.

இதைச் சிறு எரிச்சல் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. நிரல் எழுதும்போது ஒருவர் தலைக்குள் ஐந்தாறு விஷயங்களை ஒரே சமயத்தில் பிடித்துவைத்திருக்கிறார். எந்த மாறியில் என்ன மதிப்பு, எந்தக் கிளை எங்கே போகிறது, எதை இன்னும் திருத்தவில்லை என்பதெல்லாம் அப்போது உயிரோடு இருக்கும். குறித்துவைக்கும் கருவி என்பது அந்தப் பிடியை நழுவவிடாமல் இருக்கத்தான். அது இரண்டு நொடிக்குள் எழுத விடவில்லை என்றால், அதன் மற்ற எந்தச் சிறப்பும் எனக்குப் பயன்படாது. உங்கள் வரவேற்புத் திரைகளை வடிவமைத்தவர்கள் ஆர அமர உட்கார்ந்து வரும் ஒரு பயனரை மனத்தில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் நாங்கள் ஒரு காதில் தொலைபேசியோடு வருகிறோம்.

அடுத்தது, சின்ன வடிவமாற்றிகள். ஜேசன் என்ற உரைவடிவத் தரவு வரி ஒன்றை ஒழுங்காக மடித்துக் காட்டுவது, தரவை வெறும் எழுத்துகளாகவும் எண்களாகவும் மாற்றி எழுதும் பேஸ்64 வடிவைப் பிரிப்பது, யூனிக்ஸ் நேரத்தைத் தேதியாக மாற்றுவது போன்ற ஒற்றை வேலைப் பக்கங்கள் என்னைப்போன்றவர்களுக்கு நாள் முழுவதும் தேவைப்படுகின்றன. 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கையே யூனிக்ஸ் நேரம்; பதிவேட்டில் 1700000000 என்று ஓர் எண்ணைப் பார்த்தால் அது உலகப் பொது நேரப்படி 2023 நவம்பர் 14 இரவு 10:13:20 என்று யாருக்கும் மனத்தில் ஓடாது. பத்து இலக்கம் என்றால் நொடி, பதின்மூன்று இலக்கம் என்றால் மில்லி நொடி என்பதைத் தானாகப் புரிந்துகொண்டு விடைசொல்லும் ஒரு பக்கம் எங்கள் நேரத்தை எவ்வளவோ மிச்சப்படுத்துகிறது. இத்தகைய பக்கங்களைக் கட்டணமின்றி நடத்துகிறவர்களுக்கு நான் நன்றியுள்ளவன். ஆகவேதான் அடுத்துச் சொல்லப்போவது எனக்கே வருத்தம் தருகிறது.

ஒரு வாடிக்கையாளரால் உள்நுழைய முடியவில்லை என்ற புகாரை ஆராய, அவர் யார் என்பதைச் சர்வருக்குக் காட்டும் உள்நுழைவு டோக்கனை இப்படிப்பட்ட பக்கம் ஒன்றில் ஒட்டினேன். ஜேடபிள்யூடி எனப்படும் இவ்வகை டோக்கனில் புள்ளிகளால் பிரிந்த மூன்று பகுதிகள் உண்டு. வழக்கமாக முதல் இரண்டும் மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல, வெறும் பேஸ்64 வடிவில் எழுதப்பட்டவை. யாரும் பிரித்துப் படிக்கலாம். அது எப்போது காலாவதி ஆகிறது என்பதும் அதே யூனிக்ஸ் நொடிக் கணக்கில் உள்ளேயே இருக்கும். விடை உடனே கிடைத்தது. பக்கம் எதை எங்கே அனுப்புகிறது என்று காட்டும் உலாவியின் நெட்வொர்க் பலகம் தற்செயலாகப் பக்கத்தில் திறந்திருந்ததால் இன்னொன்றும் கண்ணில் பட்டது: நான் ஒட்டிய டோக்கன் முழுவதும், அதனுள் இருந்த வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியோடு, அந்தத் தளத்தின் சர்வருக்கு அனுப்பப்பட்டிருந்தது. செல்லுபடியாகும் டோக்கன் என்பது சாவிக்குச் சமம். அன்றே அதைச் செல்லாததாக்கி, குழுவுக்குத் தெரிவித்து, வாடிக்கையாளரிடமும் சொன்னோம். பார்க்காமல் ஒட்டியது என் தவறு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டும் பெட்டிக்கு மேல் "பாதுகாப்பானது, விரைவானது" என்று எழுதியிருந்தவர்கள், எழுதியது எங்கே போகிறது என்பதை ஒரு வார்த்தையில்கூடச் சொல்லவில்லை.

இந்த வேலைக்குச் சர்வரே தேவையில்லை என்பதுதான் என் வாதத்தின் மையம். ஜேசனைப் படித்து இடைவெளியிட்டு எழுதவும், பேஸ்64-ஐப் பிரிக்கவும், நொடிகளைத் தேதியாக்கவும் தேவையான எல்லாமே பல ஆண்டுகளாக எந்த உலாவியிலும் உள்ளமைந்த வசதிகள். பக்கம் ஒருமுறை இறங்கிவிட்டால் இணைய இணைப்பைத் துண்டித்த பிறகும் அது வேலைசெய்ய முடியும். நான் சோதித்தவற்றுள் நான்கு பக்கங்கள் அப்படித்தான் வேலைசெய்தன. எனவே மற்றவை அனுப்புவது கட்டாயத்தால் அல்ல, ஒரு தேர்வால். அந்தத் தேர்வை மாற்ற உங்களால் முடியும்.

இனி, என்னை மிகவும் பாதித்த விஷயத்துக்கு வருகிறேன்: வெளியேறும் வழி. பதினேழு சேவைகளிலும் நான் முதலில் செய்த சோதனை ஒன்றுதான். பத்து வரிகளை எழுதி, இரண்டை முடித்து, ஒன்றுக்குத் துணைப்பணி சேர்த்து, ஒன்றுக்குத் தேதி போட்டு, பிறகு அதைக் கோப்பாக இறக்கிப் பார்ப்பேன். சிலவற்றில் அந்த வசதியே இல்லை. சிலவற்றில் கோப்புக்கான இணைப்பு மின்னஞ்சலில் வந்து, ஒரே நாளில் செல்லாததாகிவிட்டது. ஒன்றில் துணைப்பணிகள் காணாமல் போயிருந்தன. இன்னொன்றில் முடித்த பணிகள் இருந்தன, எப்போது முடித்தேன் என்பது இல்லை. ஒரு சேவை தந்த, காற்புள்ளிகளால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பில் தேதி 03/04 என்று இருந்தது. அது மார்ச் நான்கா ஏப்ரல் மூன்றா என்பதை அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இந்தக் குழப்பமே வராது. அதற்கான ஐஎஸ்ஓ 8601 தரம் 1988-இல் வெளியானது. மற்றொன்றில் நான் தமிழில் எழுதிய வரிகள் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்தன. இறக்கிய கோப்பை நீங்களே ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இவற்றில் எதுவும் பயனரை வந்தடைந்திருக்காது.

தமிழைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது விட்டு விலகும் அந்தப் பணிப்பட்டியல் சேவையில் "கொ", "கோ" போன்ற எழுத்துகள் உள்ள சொற்களைத் தேடினால் சில வேளைகளில் கிடைக்காது. "கொ" என்பதை யூனிகோடில் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், முன்னொரு கொம்பு, பின்னொரு கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அவை வேறு வேறு. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதலே ஒற்றைச் செயற்கூறு இருக்கிறது. பிழையை விளக்கி, திருத்தத்தையும் எழுதி அனுப்பினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதே இரண்டு ஆண்டுகளில் அந்தச் சேவைக்குள் உதவியாளர் பொத்தான் வந்தது, பலகைகள் வந்தன, ஆண்டு இறுதியில் என் பணிகளை எண்ணிப் பாராட்டும் வண்ணப் பக்கமும் வந்தது. நான் எழுதிய சொல்லை நான் தேடி எடுக்க முடிகிற நிலை மட்டும் இன்னும் வரவில்லை.

சேவைகள் மூடப்படுவதும் கைமாறுவதும் உங்கள் தொழிலில் இயல்பு என்பதை நான் அறிவேன். வுண்டர்லிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி, 2020 மே 6 அன்று நிறுத்தியது. அதன் பட்டியல்களைத் தன் டு டூ செயலிக்குள் கொண்டுவர வழியும் செய்து தந்தது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய தன் ரீடர் சேவையைக் கூகுள் 2013 ஜூலை 1 அன்று மூடியபோது பலர் வருந்தினார்கள். ஆனாலும், தாங்கள் படித்துவந்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற திறந்த வடிவில் இறக்கிக்கொள்ள முடிந்ததால், அதே பட்டியலை வேறொரு சேவையில் ஏற்றிவிட்டு மறுநாளே படிக்கத் தொடங்க முடிந்தது. மூடப்பட்ட சேவையின் பயனருக்கு மிஞ்சுவது அந்தக் கோப்பு ஒன்றுதான். அது திறந்த வடிவில் இருந்தால் இழப்பு சில நாள் சிரமத்தோடு முடிகிறது. இல்லாவிட்டால் பல ஆண்டு உழைப்பின் பதிவு போய்விடுகிறது.

திறந்த வடிவங்களுக்கும் பஞ்சமில்லை. எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறையாக 2004-இல் அறிமுகமான மார்க்டவுன் இன்று பல குறிப்பேடுகளில் புழங்குகிறது. ஒரு வரிக்கு ஒரு பணி என்று சாதாரண உரைக்கோப்பில் எழுதிவைக்கும் டுடூ.டிஎக்ஸ்டி முறை 2006-இல் தொடங்கியது. அப்போது எழுதிய கோப்பை இன்றும் எந்த உரைத்தொகுப்பானிலும் திறக்கலாம். நாட்காட்டிக்கான ஐகேலண்டர் வடிவத்தில் நிகழ்வுக்கு மட்டுமின்றிப் பணிக்கும் தனி இடம் வகுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, ஒருவர் தான் அளித்த தனிப்பட்ட தரவை, பரவலாகப் பயன்படுகிற, இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. அங்குள்ள பயனர்களுக்காக இந்த வசதியைக் கட்டிவைத்திருக்கும் நீங்கள், மற்றவர்களுக்கு அதே பொத்தானை மறைத்துவைப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

வருமானம் பற்றி. சர்வருக்கும் ஊழியருக்கும் பணம் வேண்டும். நானும் சம்பளம் வாங்கி மென்பொருள் எழுதுகிறவன்தான், எல்லாம் இலவசமாக வேண்டும் என்று கேட்கவில்லை. தேடிய மூன்று வாரங்களில் ஒரு தனி ஆள் நியாயமான ஆண்டுக் கட்டணம் கட்டி, சின்னப் பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் திட்டத்தைத் தேடினேன். கிடைத்தவை இரண்டே. மற்றவற்றில் ஒன்று எதையும் எடுத்துப்போக முடியாத இலவசம், அல்லது குழுவுக்கான கட்டணம். பணம் கட்டத் தயாராக நிற்கும் ஒருவரை நீங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. செயற்கை நுண்ணறிவை நான் எதிர்ப்பவனும் அல்ல. என் வேலையில் அதைப் பயன்படுத்துகிறேன். என் பட்டியலுக்குள், என்னைக் கேட்காமல், அணைக்க வழியில்லாமல் அது வருவதைத்தான் எதிர்க்கிறேன்.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, பணிகளையும் குறிப்புகளையும் இறக்கிக்கொள்ளும் வசதியை எந்தச் சந்தாவோடும் இணைக்காமல் எல்லாப் பயனருக்கும் திறந்துவிடுங்கள். முடித்தவை, துணைப்பணிகள், எழுதிய நாள், முடித்த நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், எளிய உரையாகவோ ஜேசனாகவோ இருந்தால் போதும். உங்கள் சேவையிலிருந்து இறக்கிய கோப்பை உங்கள் சேவையிலேயே மீண்டும் ஏற்றி, எதுவும் விடுபடவில்லை என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் சோதியுங்கள்.

ஒற்றை வேலைப் பக்கங்களை நடத்துகிறவர்கள், ஒட்டும் பெட்டிக்கு மேலேயே, எழுதியது உலாவியை விட்டு வெளியேறுகிறதா இல்லையா என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். உலாவிக்குள்ளேயே முடிகிற வேலையை உலாவிக்குள்ளேயே முடியுங்கள். ஏற்கெனவே சேமித்துவைத்திருப்பவற்றை அழித்துவிட்டு, அழித்ததை அறிவியுங்கள்.

புதியவர் கணக்குத் தொடங்காமலே முதல் வரியை எழுத விடுங்கள். அந்த வரிகளை உலாவியில் வைத்திருந்து, வேறு கணினியிலோ கைபேசியிலோ வேண்டும் என்று அவர் நினைக்கும் நேரத்தில் கணக்குக் கேளுங்கள். துறையையும் குழுவின் அளவையும் கேட்கும் திரைகளை எழுதும் இடத்துக்கு முன்னால் வைக்காதீர்கள்.

புதிய வசதி எதுவானாலும் ஏற்கெனவே இருக்கும் பயனருக்கு அதை அணைத்த நிலையில் கொடுங்கள். வேண்டுபவர் அமைப்புகளில் போய் இயக்கிக்கொள்ளட்டும். தேடல், குறியாக்கம், விசைப்பலகைக் குறுக்குவழி போன்ற அடிப்படைப் பிழைகளின் பட்டியலைப் பொதுவில் வைத்து, எது எப்போது தீரும் என்று தேதி போடுங்கள். தனி ஆளுக்கென்று ஒரு கட்டணத் திட்டம் வையுங்கள். என்னைப்போல் கட்டத் தயாராக இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன்.

சேவையை நிறுத்துவதாகவோ முற்றிலும் மாற்றுவதாகவோ முடிவெடுத்தால், முப்பது நாள் போதாது. ஓராண்டுக்கு முன்பே சொல்லுங்கள். கடைசி ஆறு மாதங்களாவது பழைய பக்கத்தைப் படிக்க மட்டுமாவது திறந்துவையுங்கள்.

இந்த மடல் எழுதக் காரணமான நிறுவனத்திடம் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் குறித்த முப்பது நாளில் சில நாட்களே மிச்சம் இருக்கின்றன. அதற்குள் பழைய பயனர் அனைவருக்கும் இறக்கும் பொத்தானைத் திரும்பக் கொடுங்கள். முடியாது என்றால், முடியாததற்கான காரணத்தை எழுத்தில் அனுப்புங்கள். நான் கைமுறையாக ஒவ்வொரு வரியாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவோடு ஆயிரத்து நூறு வரிகள் முடிந்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் உருவாக்குநர்